கண் கெடுமுன் சூரிய நமஸ்காரம்

மாரியம்மன் கோயில் வாயில்களில் பூவும் எலுமிச்சையும் விற்கும் கடைகளில் கண்மலரும் கிடைக்கும். தகட்டில் இரு விழிகள் பொறிக்கப்பட்ட அந்தச் சிறு காணிக்கையைச் சமயபுரம், இருக்கன்குடி முதலிய தலங்களில் அன்னைக்குச் செலுத்தி, கண் நோய் தீர வேண்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஐம்பொறிகளுள் கண்ணுக்குப் பக்தி உலகம் தந்திருக்கும் இடம் தனியானது. கோயிலுக்குச் செல்வதையே ‘தரிசனம்’ என்று சொல்லும் மரபு அல்லவா இது!

திருக்காளத்தியில் இறைவன் திருவிழியில் குருதி பெருகக் கண்ட கண்ணப்ப நாயனார், தம் கண்ணையே இடந்து அப்பினார். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்து தந்த சத்தியத்தை மீறிப் புறப்பட்ட சுந்தரமூர்த்தி நாயனார், இரு கண்களின் ஒளியையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருவாரூரில் வலக்கண் பெற்றார். அந்த நெடிய பயணத்தில் எண்ணத்தக்க ஒன்று உண்டு. ‘வினைப்பயன்’ என்று சொல்லி ஓரிடத்தில் அவர் முடங்கிவிடவில்லை. தட்டுத் தடுமாறித் தலம் தலமாக நடந்தார், இழந்ததை வாய்விட்டுக் கேட்டார், படிப்படியாகப் பெற்றார்.

இன்று கிராமங்களில் மூத்தோர் பலர் செய்வதோ இதற்கு நேர்மாறானது. பார்வை மங்கத் தொடங்கியதும், “வயசானா இப்படித்தான்” என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கின்றனர். மகனுக்குச் செலவு, மருமகளுக்குத் தொல்லை என்று எண்ணி, வெளியே சொல்லாமல் மறைக்கின்றனர். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிடுவர். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியை அழைப்பர். பிரதோஷத்துக்குப் போவதைக் குறைத்துக்கொள்வர். கேட்டால் “முழங்கால் வலி” என்பர். உண்மையில் வலி காலில் இல்லை. கோயில் படி கண்ணுக்குத் தெரியவில்லை.

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?’ என்பது பழமொழி. கெடுவதற்கு முன்னரே செய்யவேண்டியது எது என்று அறிந்துகொள்வது, முதியோருக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் இன்றியமையாதது.

மீளும் பார்வை, மீளாப் பார்வை

முதுமையில் பார்வையை மங்கச் செய்யும் காரணங்கள் பல. அவற்றுள் சில முழுதும் சரிசெய்யத் தக்கவை. சில, இழந்ததைத் திருப்பித் தாரா. எஞ்சியதைக் காத்துக்கொள்ள மட்டுமே இடம் தருபவை. இரண்டும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எது எது என்பதை நோயுற்றவர் தாமே அறிய இயலாது. விரைந்து காட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இக்காரணத்தால்தான்.

மீளும் வகையில் முதலிடம் கண்புரைக்கு. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் பளிங்குபோல் தெளிந்திருப்பது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பால் கலந்த நீர்போல் கலங்குகிறது. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசிய ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம். அதாவது, பார்வையற்றவர் என்று வீட்டின் மூலையில் அமர்ந்துவிட்ட மூவருள் இருவர், ஓர் எளிய அறுவைச் சிகிச்சையால் மீண்டும் சுவாமி முகத்தைக் காணக்கூடியவர்கள்.

அதனினும் எளியது வெள்ளெழுத்து. 40 வயதுக்குமேல் கிட்டப்பார்வைக்கான கண்ணாடி அணிந்தால் போதும். கந்தசஷ்டி கவசப் புத்தகம் மீண்டும் கைக்கு வரும். கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

மீளா வகையில் அஞ்சத்தக்கது கண்நீர் அழுத்த நோய். குளுக்கோமா என்றும் சொல்வர். கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் மிகும்போது, காட்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் பார்வை நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பட்டுப்போன நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை. சர்க்கரை நோயால் விழித்திரையில் உண்டாகும் பாதிப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் கட்டுப்படுத்தி நிறுத்தலாம். முற்றிய பின் கண்டால் மருத்துவர் கையிலும் ஒன்றுமில்லை.

சன்னதியில் தெரியும் அறிகுறிகள்

கோயிலுக்குத் தவறாமல் செல்வோருக்குத் தம் கண்ணின் நிலையை அறிய ஒரு வாய்ப்பு அங்கேயே இருக்கிறது. வெயில் பிராகாரத்திலிருந்து இருண்ட அர்த்த மண்டபத்துக்குள் நுழையும்போது கண் பழகச் சிறிது நேரம் ஆவது முதுமையில் இயல்பே. தீபாராதனை காட்டும்போதும் மூலவர் திருமுகம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தோன்றினால், அது கண்புரையாக இருக்கக்கூடும். விளக்குச் சுடரைச் சுற்றிக் கதிர்கள் சிதறுவது, எதிரே வரும் பேருந்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்வது, வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரிவது, கண்ணாடியின் எண் அடிக்கடி மாறுவது ஆகியனவும் அதன் அடையாளங்கள்.

மகிழ்ச்சி தரும் அறிகுறி ஒன்றும் உண்டு, அதுவே ஏமாற்றுவது. “இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன், அம்பாள் அருள்” என்று சில பெரியவர்கள் வியப்பதுண்டு. லென்ஸ் தடித்துப் புரை வளரும்போது கிட்டப்பார்வை சில காலம் இவ்வாறு தெளிவதும், தூரப்பார்வை குறைவதும் நேரும். இந்தத் தெளிவு நிலைப்பதில்லை.

கண்நீர் அழுத்த நோயின் அடையாளம் வேறு. நேரே உள்ளது தெளிவாகவே தெரியும். ஸ்தோத்திரப் புத்தகம் படிப்பதில் இடையூறு இராது. பக்கப் பார்வை மட்டும் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். பக்கத்தில் வருபவர்மீது மோதுதல், தூணில் தோள் இடித்தல், நிலைப்படியில் கால் தட்டுதல் எனச் சிறு சிறு விபத்துகள் நேரும். வலி இராது, சிவப்பும் இராது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், 40 வயது முதலே ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இதே நோயின் மற்றொரு வடிவம் திடீரெனத் தாக்கும். கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையங்கள் ஆகியவை ஒருங்கே தோன்றும். பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்து விடியும்வரை காத்திருந்தால், அந்த ஓர் இரவிலேயே பார்வை பறிபோகலாம். உடனே கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை அது.

கொடிமரம் வளைந்திருப்பதுபோல் தெரிந்தாலோ, அர்ச்சகரின் முகத்தின் நடுப்பகுதி மட்டும் மறைந்து சுற்றிலும் உள்ளவை தெரிந்தாலோ, விழித்திரையின் நடுப்பகுதியில் பழுது என்று கொள்ளலாம். கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலும், மின்னல்போல் ஒளிக்கீற்றுகள் தோன்றினாலும், திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்த அறிகுறிக்காகவும் காத்திருக்கலாகாது. விழித்திரையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, கண்ணில் மருந்திட்டுப் பாவையை விரித்து, விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம். மருந்திட்டபின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்துகள் மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நலம்.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனையும் ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியின் முன் சில அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். பின்னர் மாற்றிப் பார்க்க வேண்டும். இரு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண், கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண் பார்வையை முற்றும் இழந்ததையே பல நாள் கழித்துத் தற்செயலாக அறிந்தோர் உண்டு.

வடமலாபுரத்து மருத்துவர்

கிராமத்து முதியோரின் இந்த மௌனத்தை உடைப்பதையே வாழ்நாள் வழிபாடாகக் கொண்டவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர். இளம் மருத்துவராய் இருந்தபோதே கடும் முடக்குவாதம் அவரைத் தாக்கிப் படுக்கையில் கிடத்தியது. விரல்கள் கோணி நிலையாக மடங்கிப்போயின. அந்த விரல்களைக்கொண்டே கண் அறுவைச் சிகிச்சையைப் பழகி, தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1973-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஸ்ரீ அரவிந்தர், அன்னை ஆகியோரிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் செலுத்த இயன்றோர் செலுத்துவர். இயலாதோருக்குக் கட்டணம் இல்லை. இருசாராருக்கும் மருத்துவர்கள் ஒருவரே என்பது அதன் நெறியாயிற்று. மருத்துவர்கள் கிராமங்களுக்கே சென்று முகாம்கள் நடத்தினர். அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோரை வண்டியில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விட்டனர்.

அக்காலத்தில் புரையை நீக்கியபின் தடித்த ‘சோடாப்புட்டி’க் கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸ் வந்தபோது, இறக்குமதி விலை ஏழைக்கு எட்டவில்லை. 1992-இல் மதுரையிலேயே தொடங்கப்பட்ட அரோலேப் என்னும் ஆலை அதை மிகக் குறைந்த விலையில் செய்து தரலாயிற்று.

கட்டணமின்மை, வண்டி, உணவு, தரமான லென்ஸ் என யாவும் அமைந்தும் ஓர் உண்மை நெருடிக்கொண்டே இருந்தது. தென் தமிழகக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் குறை உள்ளோருள் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேரே முகாமுக்கு வந்திருந்தனர் என்பது தெரியவந்தது. எஞ்சியோர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். அறுவைச் சிகிச்சை பற்றிய அச்சம், உடன்வர ஆள் இன்மை, கூலி இழப்பு, ஆடு மாடுகளை விட்டு வர இயலாமை, இந்த வயதில் எதற்கு என்னும் எண்ணம் எனத் தடைகள் பல. பெண்கள் இன்னும் பின்தங்குகின்றனர். குடும்பத்தில் எல்லோருக்கும் பார்த்தபின் தனக்கு என்பது பாட்டிமார்களின் இயல்பு. அந்த முறை வருவதே இல்லை.

ஆண்டில் ஒரு நாள் வரும் முகாமுக்கு மாற்றாக, ஆண்டு முழுதும் ஊருக்கு அருகிலேயே இருக்கும் பார்வை மையங்கள் இதன் பிறகே உருவாயின. 2004-ஆம் ஆண்டையொட்டித் தேனி மாவட்டத்தில் தொடங்கிய இவை இன்று நூறைத் தாண்டிவிட்டன. பெரும்பாலும் கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்ணைப் பரிசோதிக்கின்றனர். பரிசோதனைக் குறிப்பும் படமும் இணைய வழியே தலைமை மருத்துவமனைக்குச் செல்ல, மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியிடம் நேரே பேசுகிறார். கண்ணாடியும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்கு அலைய வேண்டிய தேவை பலருக்கு இல்லாமற் போயிற்று. 2006-இல் டாக்டர் வெங்கடசாமி மறைந்த பின்னும் அந்தப் பணி வளர்ந்துகொண்டே வருகிறது.

பக்தியும் கண் மருத்துவமும் கைகோத்த வரலாறு இது ஒன்றன்று. காஞ்சி ஸ்ரீ ஜயேந்திர சரஸ்வதி சுவாமிகள் மருத்துவர்களுக்கு விடுத்த வேண்டுகோளின் விளைவாக, டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். அரசு மருத்துவமனைகளிலும் கண்புரை அறுவைச் சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வழிகள் இருக்கின்றன, முதல் அடியை எடுத்து வைப்பதே குறை.

வயலிலும் வீட்டிலும்

முதுமை நோய்களேயன்றி, உழைப்போருக்கு வரும் இடர் ஒன்றும் கிராமங்களில் பெரிது. கதிரடிக்கையில் தெறிக்கும் நெல்மணி, பறக்கும் உமி, சோளத்தட்டையின் நுனி, கருவேல முள், மாட்டின் வால் வீச்சு என ஏதேனும் ஒன்று கருவிழியைக் கீறிவிடுகிறது. கீறல் சிறியதே. அதன் வழியே பூஞ்சையோ கிருமியோ புகுந்தால் கருவிழிப் புண்ணாகி, ஆறிய பின்னும் வெண்தழும்பு நின்றுவிடும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊரார் சொல்வது இதனைத்தான்.

கீறலைப் புண்ணாக்குவதில் கைவைத்தியத்துக்கும் பங்குண்டு. தாய்ப்பால் விடுதல், விளக்கெண்ணெய் இடுதல், பச்சிலைச் சாறு பிழிதல், நாக்கால் தூசு எடுத்தல் ஆகிய யாவும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை. ஆயினும் கிருமியைக் கண்ணுக்குள் கொண்டு சேர்ப்பவை. தூசு விழுந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவ வேண்டும். வலியோ சிவப்போ கண்ணீரோ தொடர்ந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்தே. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை விரைவில் மறைக்கும். உள்ளேயிருக்கும் பூஞ்சையை வளர்க்கும். நாள்பட இட்டால் கண் அழுத்தத்தையும் உயர்த்தும்.

வெற்றிலை போடும் பெரியவர்கள் மறவாதிருக்க வேண்டியது சுண்ணாம்பு. டப்பாவையோ பொட்டலத்தையோ அழுத்தி விளையாடும் பேரக்குழந்தையின் கண்ணில் அது தெறித்தால் கருவிழி வெந்துவிடும். உடனே, இருந்த இடத்திலேயே, தாராளமான நல்ல நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவியபின் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். எருக்கம்பாலும் அத்தகையதே. ரத சப்தமியன்று எருக்கிலை வைத்து நீராடுவோர், இலையின் பாலை நன்கு துடைத்துவிட்டுக் கண்ணருகே படாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் கண்ணையும் முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகளே. மாறுகண் அதிர்ஷ்டம் என்பர்; அது சிகிச்சைக்குரிய குறை. சிறு வயதிலேயே சரிசெய்யாவிடில் அந்தக் கண்ணின் பார்வை வளராமலே நின்றுவிடும். கண்ணின் மணி வெண்மையாக மின்னினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அந்தி சாய்ந்தால் குழந்தை தடுமாறுமாயின் மாலைக்கண்ணாக இருக்கலாம். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் முதலியவற்றோடு, அரசு வழங்கும் வைட்டமின் ‘ஏ’ திரவத்தையும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடலாமா?

புரை முற்றிப் பழுத்த பின்னரே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது பழங்கால வழக்கம். இன்று அது தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடையூறு நேரும் நிலையிலேயே செய்துகொள்ளலாம். மிக முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தை உயர்த்தி, மீளக்கூடிய பார்வையை மீளாததாக்கிவிடக்கூடும். கோடையில் கூடாது, ஆடியில் கூடாது என்று ஒத்திப்போடுவதற்கும் மருத்துவத்தில் காரணம் ஏதுமில்லை. நல்ல நாள் பார்ப்பது மனத்துக்குத் துணிவு தருமாயின் பார்க்கலாம். அந்த நாள் ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போகாதிருக்க வேண்டும்.

அறுவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கண் மட்டுமே மரத்திருக்கும். பொதுவாக ஒரு கண் தேறிய பின்னரே மறு கண்ணில் செய்வர். சுந்தரருக்கும் ஒளி ஒரே நாளில் இரு கண்களிலும் வரவில்லை என்பதை நினைத்துக்கொண்டால் பொறுமை வரும்.

அதன்பின், மருத்துவர் அனுமதிக்கும்வரை கோயில் வழக்கங்கள் சிலவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். திருக்குளத்திலோ ஆற்றிலோ முழுகலாகாது. கண்ணில் நீர் படத் தலைக்குக் குளிக்கலாகாது. தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் தலையில் தெளித்துக்கொள்ளலாம். விபூதியும் குங்குமமும் கண்ணில் உதிராமல் காக்க வேண்டும். ஹோமப் புகை, அங்கப்பிரதட்சிணம், தரையில் விழுந்து வணங்குதல் ஆகியவற்றைத் தவிர்த்து, நின்றபடியே கைகூப்பினால் போதும். வலியோ சிவப்போ மங்கலோ கூடினால் அன்றே திரும்பச் சென்று காட்ட வேண்டும். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால், புரை திரும்பிவிட்டதென்று அஞ்ச வேண்டா. லென்ஸின் பின்னுள்ள சவ்வு கலங்குவதால் நேர்வது அது. லேசர் சிகிச்சையால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

கண்நீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து இடுவோர், ஏகாதசி, சஷ்டி விரத நாள்களிலும் அதை நிறுத்தலாகாது. மருந்து விரதத்தைக் கெடுக்காது என்பது சாத்திரம் அறிந்த பெரியோர் வழக்கு. ‘நன்றாகத்தானே தெரிகிறது’ என்று தாமே நிறுத்துவோருக்கே இந்நோயில் இழப்பு மிகுதி. சூரிய வழிபாட்டிலும் ஒரு கவனம் வேண்டும். கதிரவனை வெறும் கண்ணால் உற்று நோக்கினால் விழித்திரை வெந்து போகும். கிரகண நேரத்திலும் அவ்வாறே. கண்களைத் தாழ்த்தியோ மூடியோ வணங்குவதே முறை.

ஊரார் செய்யத்தக்கவை

எல்லா நோயையும் தடுத்துவிட இயலாது. எத்தனை பேணியும் பார்வை குறைந்துபோவோர் சிலர் இருப்பர். அவர்களுக்குத் திருவாரூர்த் தண்டியடிகள் வழி காட்டுகிறார். பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருக்குளத்தைத் தாமே தோண்ட விரும்பி, குளத்தினுள்ளும் கரையிலும் கம்பங்கள் நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அத்தகைய கயிற்றை இன்றைய கோயில்களும் கட்டலாம். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம், இருண்ட திருப்பங்களில் ஒரு விளக்கு, பிடித்து ஏறக் கைப்பிடி, தரிசன வரிசையில் கைத்தாங்கலாக ஒரு தொண்டர் என்பன பெருஞ்செலவு பிடிப்பவையல்ல.

திருவிழாவுக்குப் பந்தல் போடும் ஊர்ப் பெரியவர்கள், ஆண்டுக்கு ஒரு நாள் கோயில் மண்டபத்தைக் கண் முகாமுக்குத் திறந்துவிடலாம். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தையோ அருகிலுள்ள கண் மருத்துவமனையையோ அணுகினால் முகாமுக்கு வழி பிறக்கும். அறிவிப்பு மட்டும் போதாது. வீட்டோடு இருந்துவிட்ட பாட்டியைக் கைபிடித்து அழைத்து வர ஒருவர் வேண்டும். முன்னமே சிகிச்சை பெற்றுப் பார்வை மீண்டவர் அந்த ஒருவராக அமைந்தால், அவர் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு.

குடும்பத்தாருக்கும் ஒரு நியமம் உண்டு. வீட்டுப் பெரியவர்களின் ஜன்ம நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்வது பல இல்லங்களில் வழக்கம். 50 வயதைக் கடந்தோருக்கு அந்த வாரத்திலேயே ஆண்டுதோறும் ஒரு கண் பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் நாளும் மறவாது, செலவும் உறுத்தாது. கண்மலர் சாத்த நேர்ந்துகொண்டவர்கள் அதையும் அந்நாளில் சாத்தலாம். பரிசோதனை முடித்து வந்த பெரியவர், தீபாராதனையில் அம்பாளின் மூக்குத்தி மின்னுவதைத் தம் கண்ணாலேயே கண்டு வணங்கட்டும்.